எண்ணிக்கையிலிருந்து கூட்டணிக்கு: காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயிலின் அரசியல் வாழ்வு

முன்னுரை

தமிழகத்தின் இருபதாம் நூற்றாண்டு அரசியல் வரலாறு பெரும்பாலும் பேராயக் கட்சி, நீதிக்கட்சி, திராவிட இயக்கம் ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆட்சியைத் தனித்துக் கைப்பற்றும் வாய்ப்பு ஒருபோதும் இல்லாத சிறிய கட்சிகள் அவ்வரலாற்றில் அடிக்குறிப்புகளாகவே நின்றுவிடுகின்றன. ஆனால், மக்களாட்சியில் சிறுபான்மைக் கட்சி ஒன்று தன் எண்ணிக்கைக்கு மீறிய செல்வாக்கை எவ்வாறு ஈட்டுகிறது என்னும் வினா பெரிய கட்சிகளின் வரலாற்றை விளங்கிக்கொள்வதற்கும் இன்றியமையாதது. அவ்வினாவிற்குத் தெளிவான சான்றாக அமைவது, காயிதே மில்லத் என அழைக்கப்பெற்ற மு. முகம்மது இஸ்மாயிலின் (1896-1972) பொதுவாழ்வு.

சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் எதிர்க்கட்சித் தலைவர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், நாடாளுமன்ற இரு அவைகளின் உறுப்பினர், இந்திய யூனியன் முஸ்லிம் லீக்கின் நிறுவனத் தலைவர் என்னும் நிலைகளில் அவர் பணியாற்றினார். சமுதாயத்தின் வழிகாட்டி எனப் பொருள்படும் காயிதே மில்லத் என்ற பட்டமே பிற்காலத்தில் அவருடைய பெயராக நிலைத்தது. தனி வாக்காளர் தொகுதி என்னும் சட்டப் பாதுகாப்பை இழந்த ஒரு கட்சியைக் கூட்டணி அரசியலின் வழியாக அவர் மீண்டும் நிலைநிறுத்திய முறையை இக்கட்டுரை அவருடைய வாழ்க்கைப் போக்கில் வைத்து ஆராய்கிறது. தாம் இறுதிவரை எதிர்த்து வாதிட்ட பொது வாக்காளர் தொகுதி முறையே அவருடைய கட்சிக்கு நிலையான செல்வாக்கை ஈட்டித் தந்தது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

பிறப்பும் இளமையும்

இஸ்மாயில் 1896 ஜூன் 5ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் பிறந்தார். தந்தையார் மியாகான் ராவுத்தர் வணிகராகவும் மார்க்க அறிஞராகவும் விளங்கியவர். வணிகமும் மார்க்கக் கல்வியும் ஒருங்கே அமைந்த குடும்பச் சூழல் இஸ்மாயிலின் பிற்காலப் பொதுவாழ்வின் இரு கூறுகளையும் உருவாக்கியது எனலாம். ராவுத்தர்கள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். உமறுப்புலவர் முதலாக வளர்ந்த தமிழ் இசுலாமிய இலக்கிய மரபு அவர்களுடைய பண்பாட்டு உடைமை. இப்பின்னணி, அரசியல் நிர்ணய சபையில் அவர் மொழி குறித்து எடுத்த நிலைப்பாட்டை விளக்க உதவுவது.

திருநெல்வேலி ம.தி.தா. இந்துக் கல்லூரியிலும் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும் பின்னர்ச் சென்னையிலும் அவர் பயின்றார். மாணவப் பருவத்திலேயே பேட்டையில் முஸ்லிம் இளைஞர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். கிலாபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் எழுச்சி பெற்ற 1920ஆம் ஆண்டில் பட்டத் தேர்வை எழுதாமல் படிப்பைக் கைவிட்டார். தேசிய இயக்கத்தின் வழியாகவே அவர் பொதுவாழ்வில் நுழைந்தார் என்பது கருதத்தக்கது. பிற்காலத்தில் முஸ்லிம் லீக்கின் தலைவராக அறியப்பட்டவர், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கல்லூரியை விட்டு வெளியேறிய தலைமுறையைச் சேர்ந்தவர்.

பின்னர்ச் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார். அக்காலச் சென்னையின் தோல் வணிகம் பெரும்பாலும் முஸ்லிம் வணிகர்களின் கையில் இருந்தது. தமிழ் பேசும் முஸ்லிம்களும் உருது பேசும் முஸ்லிம்களும் ஒரே களத்தில் கலந்து பழகிய தொழில் அது. அத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஜமால் முகம்மதுவின் வட்டத்தில் இஸ்மாயில் பழகினார். வணிக அமைப்புகளில் பெற்ற பயிற்சி, பேரம் பேசுதல், உடன்பாட்டை எழுத்தில் வகுத்தல், எதிர்த்தரப்பின் தேவையை அறிந்து நடத்தல் ஆகிய பண்புகளை அவரிடம் வளர்த்திருக்க வேண்டும். அவருடைய அரசியல் நடைமுறையில் மேடை முழக்கத்தைக் காட்டிலும் இப்பண்புகளே மேலோங்கி நின்றன.

தனி வாக்காளர் தொகுதியும் 1946ஆம் ஆண்டுத் தேர்தலும்

1909ஆம் ஆண்டு மிண்டோ-மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி முறையை அறிமுகப்படுத்தியது. இம்முறையில் முஸ்லிம் வாக்காளர்கள் மட்டுமே வாக்களித்து முஸ்லிம் உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பர். 1919, 1935ஆம் ஆண்டுச் சட்டங்களும் இம்முறையைத் தொடர்ந்தன. இன்று தனித்தொகுதி என வழங்கும் ஒதுக்கீட்டுத் தொகுதியினின்றும் இது வேறுபட்டது. ஒதுக்கீட்டுத் தொகுதியில் வேட்பாளர் குறிப்பிட்ட பிரிவைச் சேர்ந்தவராக இருப்பார். வாக்காளர் அனைவரும் பொதுவானவர்கள். தனி வாக்காளர் தொகுதியில் வேட்பாளரும் வாக்காளரும் ஒரே சமயத்தவர். இவ்வேறுபாடு தெளிவானாலன்றி இஸ்மாயிலின் பிற்கால வாதங்கள் விளங்கா.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் மொத்த இடங்கள் 215. அவற்றுள் முஸ்லிம்களுக்கான பொது இடங்கள் 28. வாக்குரிமை சொத்து, வரி, கல்வி ஆகிய தகுதிகளால் வரையறுக்கப்பட்டிருந்தது. மாகாண மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 1941ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு எட்டுப் பேர் என்னும் அளவினர். மலபார், தமிழ் மாவட்டங்கள், ஆந்திரப் பகுதி எனச் சிதறியும், மலையாளம், தமிழ், உருது, தெலுங்கு எனப் பல மொழி பேசியும் வாழ்ந்தவர்கள் இவர்கள். இத்தகைய மக்களை ஒரே அரசியல் அலகாகக் கட்டிய கருவி தனி வாக்காளர் தொகுதி முறையே.

1946ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மாகாண லீக்கின் தலைவராக இஸ்மாயில் இருந்தார். அத்தேர்தலில் முஸ்லிம் தொகுதிகள் லீக்கின் வசமாயின. பேராயக் கட்சிக்கு அடுத்த பெரிய கட்சியாக லீக் அமைந்ததால் இஸ்மாயில் எதிர்க்கட்சித் தலைவரானார். த. பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், பூ.ச. குமாரசாமி ராஜா ஆகிய மூவரின் அமைச்சரவைகளையும் எதிர்வரிசையில் இருந்து அவர் எதிர்கொண்டார். நீதிக்கட்சி தேர்தல் களத்திலிருந்து மறைந்த பின்னர், திராவிட முன்னேற்றக் கழகம் தேர்தலில் இறங்குவதற்கு முன்னர், அம்மாகாணத்தில் பேராயக் கட்சிக்கு எதிராக அவையில் அமர்ந்த முதன்மைக் கட்சி லீக் என்பது பல வேளைகளில் மறக்கப்படுகிறது.

எனினும், இவ்வெற்றியின் எல்லை தெளிவானது. லீக் எத்துணை இடங்களைப் பெற்றாலும் அவ்வெண்ணிக்கை சட்டம் வகுத்த வரம்பைத் தாண்டாது. பேராயக் கட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்ததால் லீக்கின் ஆதரவு எவருக்கும் தேவைப்படவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் பதவி மதிப்பைத் தந்தது; ஆட்சியின் முடிவுகளை மாற்றும் ஆற்றலைத் தரவில்லை.

பிரிவினைக்குப் பின் கட்சியின் நிலை

1947 ஆகஸ்டில் நாடு பிரிந்தது. பாகிஸ்தான் கோரிக்கையை முன்வைத்த அகில இந்திய முஸ்லிம் லீக்கின் குழு அவ்வாண்டு டிசம்பரில் கராச்சியில் கூடி, இரு நாடுகளுக்கும் தனித்தனி அமைப்புகள் என முடிவு செய்தது. இந்தியப் பகுதிக்கான அமைப்பாளராக இஸ்மாயில் பொறுப்பேற்றார். அதே மாத இறுதியில் மௌலானா ஆசாத் தலைமையில் லக்னோவில் கூடிய மாநாடு, முஸ்லிம்கள் வகுப்புவாரி அரசியல் கட்சிகளைக் கைவிட வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தது. வட இந்தியாவில் லீக்கின் தலைவர்களுள் பலர் பாகிஸ்தான் சென்றுவிட்டனர். எஞ்சியோருள் பலர் கட்சியைக் கலைத்தனர் அல்லது பேராயக் கட்சியில் இணைந்தனர். பிரிவினையின் குருதி வடுக்கள் ஆறாத அக்காலத்தில் லீக் என்னும் பெயரே ஐயத்திற்கு உரியதாயிற்று.

இச்சூழலில் 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னை அரசினர் தோட்டத்து விருந்து மண்டபத்தில் (இன்றைய இராஜாஜி மண்டபம்) லீக்கின் இந்தியக் குழு கூடியது. காந்தியடிகள் கொல்லப்பட்டு ஆறு வாரங்களே ஆகியிருந்தன. வந்திருந்தோருள் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். கட்சியைக் கலைக்க வேண்டும் என்ற கருத்தும் அரசியலைத் துறந்து சமூகப் பணியில் மட்டும் ஈடுபட வேண்டும் என்ற கருத்தும் அக்காலத்தில் வலுவாக நிலவின. இறுதியில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் என்ற பெயரில் கட்சி தொடர முடிவாயிற்று. இஸ்மாயில் தலைவராகவும் மகபூப் அலி பெய்க் செயலாளராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அடுத்த மாதமே, ஏப்ரல் 3ஆம் நாள், சமயம் சார்ந்த அமைப்புகளை அரசியலில் அனுமதிக்கலாகாது என்னும் அனந்தசயனம் அய்யங்காரின் தீர்மானத்தை மத்திய அவை நிறைவேற்றியது. கட்சியின் அமைப்பு விதிகள் 1951 செப்டம்பரில் சென்னையில் ஏற்கப்பட்டன.

கட்சியைத் தொடர்வது என்ற இம்முடிவு எளிதில் விளங்கக்கூடியதன்று. பெயரை மாற்றியிருந்தால் ஐயம் குறைந்திருக்கும் என்பது அக்காலத் திறனாய்வாளர் பலரின் கருத்து. இஸ்மாயிலின் நிலைப்பாட்டில் இரு கூறுகள் இருந்தன. இந்திய ஒன்றியத்தின் மீதான பற்றும் அரசமைப்பின் மீதான உறுதிப்பாடும் ஐயத்திற்கு இடமின்றி அறிவிக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. சங்கம் அமைக்கும் உரிமையைச் சிறுபான்மையினர் அச்சத்தால் கைவிடலாகாது என்பது மற்றொன்று. பிரிவினைக் கலவரங்களின் நேரடித் தாக்கத்திற்கு உள்ளாகாத தென்னகத்தில்தான் இவ்விரண்டையும் ஒருசேர வலியுறுத்த முடிந்தது. லீக்கின் மறுபிறப்பு தெற்கில் நிகழ்ந்தமைக்கு நிலவியலும் வரலாறும் இவ்வாறு துணை நின்றன.

அரசியல் நிர்ணய சபையில்

1948 முதல் அரசியல் நிர்ணய சபையில் இஸ்மாயில் பங்கேற்றார். அங்கு அவருடைய பணியை மூன்று களங்களில் காணலாம்.

முதலாவது, தேர்தல் முறை. தனி வாக்காளர் தொகுதி முறை தொடர வேண்டும் என மலபாரின் பி. போக்கர் 1947 ஆகஸ்டில் கொணர்ந்த திருத்தத்தைச் சபை தள்ளியது. இட ஒதுக்கீடு மட்டும் ஏற்கப்பட்டது. 1949 மேயில் அவ்வொதுக்கீட்டையும் நீக்கும் அறிக்கையை வல்லபாய் படேல் முன்வைத்தபோது, ஒதுக்கீட்டையும் தனி வாக்காளர் தொகுதியையும் காக்க வேண்டும் என இஸ்மாயில் திருத்தம் கொணர்ந்தார். ஒரு மக்கள் பிரிவின் குறைகளை அவர்கள் நம்பித் தேர்ந்தெடுத்தவரே உண்மையாக எடுத்துரைக்க முடியும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். முஸ்லிம் உறுப்பினர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. பேகம் அய்ஜாஸ் ரசூல் போன்றோர் ஒதுக்கீட்டைக் கைவிடுவதே சிறுபான்மையினர்க்கு நன்மை என்றனர். இஸ்மாயிலின் திருத்தம் தோற்றது.

இரண்டாவது, தனிநபர்ச் சட்டம். வரைவின் 35ஆம் பிரிவு (இன்றைய 44ஆம் பிரிவு) 1948 நவம்பர் 23ஆம் நாள் விவாதத்திற்கு வந்தது. தனக்கென ஒரு தனிநபர்ச் சட்டத்தை உடைய எப்பிரிவினரும் அதனைக் கைவிடக் கட்டாயப்படுத்தப்படலாகாது என்னும் காப்புரையைச் சேர்க்குமாறு இஸ்மாயில் திருத்தம் முன்மொழிந்தார். கே.எம். முன்ஷியும் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் எதிர்வாதம் செய்தனர். முஸ்லிம் சட்டம் இந்தியா முழுவதும் ஒரே சீராக, மாறாமல் இருந்து வந்தது என்ற கருத்தை அம்பேத்கர் மறுத்தார். வட மலபாரில் முஸ்லிம்களிடையேயும் மருமக்கத்தாயம் வழங்கியதை அதற்குச் சான்றாகக் காட்டினார். லீக்கின் வலிமைமிக்க நிலப்பகுதியே இவ்வாறு எதிர்வாதத்தின் சான்றாக அமைந்தமை கவனத்திற்குரியது. எனினும், எதிர்கால நாடாளுமன்றம் தாமாக விரும்பி ஏற்போர்க்கு மட்டும் பொதுச் சட்டத்தைப் பொருத்தும் வகையில் தொடங்கலாம் என்ற வழியையும் அம்பேத்கர் சுட்டினார். திருத்தம் ஏற்கப்படவில்லை.

மூன்றாவது, மொழி. இக்களத்தைத் தனியே நோக்குதல் தகும்.

தமிழ் குறித்த உரை

1949 செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் நடைபெற்றபோது இஸ்மாயில் ஆற்றிய உரை தமிழ்நாட்டின் பொது நினைவில் ஆழப் பதிந்துள்ளது. தமிழை இந்தியாவின் ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று கோரியவர் என்றே மேடைகளிலும் மலர்களிலும் அவர் போற்றப்படுகிறார். உரையின் அமைப்பை முழுமையாக நோக்கினால் அதன் பொருள் சற்று வேறுபட்டும் நுட்பமாகவும் புலப்படும்.

இந்திக்கு ஆதரவாகப் பழைமையும் மண்ணின் உரிமையும் சான்றாகக் காட்டப்பட்டன. பழைமையே அளவுகோல் எனில் இம்மண்ணில் மிகத் தொன்மையாகப் பேசப்பட்டு வருபவை திராவிட மொழிகளே. அவற்றுள் செழுமையான இலக்கியம் உடைய தமிழுக்கே அத்தகுதி உண்டு என்பது அவர் எடுத்துரைத்த கருத்து. தமிழ் தம் தாய்மொழி என்பதையும் அதில் தமக்குள்ள பெருமிதத்தையும் அவர் மறைக்கவில்லை. ஆயினும், அவர் இறுதியில் ஆதரித்தது காந்தியடிகள் வலியுறுத்திய, நாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் எழுதப்படும் இந்துஸ்தானியை. தமிழின் தொன்மை, எதிர்த்தரப்பின் அளவுகோலை அதனுடைய விளைவைக் கொண்டே சோதிக்கும் தருக்க உத்தியாக அவ்வுரையில் இடம்பெறுகிறது.

இவ்வாறு கூறுவதால் உரையின் சிறப்புக் குறைவதில்லை. முஸ்லிம் என்றால் உருது என்னும் சமன்பாடு அன்றைய தில்லியில் இயல்பாகக் கருதப்பட்டது. லீக்கின் தலைவர் ஒருவரே தமிழைத் தம் தாய்மொழி என அறிவித்து, அதன் தொன்மையைச் சபையின் பதிவில் ஏற்றியமை அச்சமன்பாட்டைத் தகர்த்தது. சென்னை மாகாணத்தில் இதற்கு முன்மரபும் உண்டு. 1937இல் தொடங்கிய கட்டாய இந்தி எதிர்ப்பின்போது திருச்சிராப்பள்ளியின் பி. கலீபுல்லா, ராவுத்தர் சமூகத்தவர் என்ற முறையில் தமிழே தம் மொழி எனச் சட்டமன்றத்தில் எடுத்துரைத்தார். அம்மரபின் தொடர்ச்சியாக இஸ்மாயிலின் உரையைக் கொள்ளலாம். பின்னாளில் திராவிட இயக்கத்துடன் லீக் கொண்ட உறவுக்கு இம்மொழி நிலைப்பாடு பண்பாட்டு அடித்தளமாக அமைந்தது.

மலபாரும் கேரள அரசியலும்

1950 முதல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமையும் பொது வாக்காளர் தொகுதியும் நடைமுறைக்கு வந்தன. 1952 தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்திற்கு லீக்கிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர் 5 பேர் மட்டுமே. பி. போக்கர் மலப்புறம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். இஸ்மாயில் 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் பணியாற்றினார். ஆறு ஆண்டுகளில் எதிர்க்கட்சி என்னும் நிலையிலிருந்து ஒரு கைவிரல்களில் அடங்கும் எண்ணிக்கைக்குக் கட்சி சுருங்கியது. தனி வாக்காளர் தொகுதி பற்றிய அவருடைய அச்சம் மெய்யானதாகவே தோன்றியது.

1956ஆம் ஆண்டு மொழிவழி மாநிலச் சீரமைப்பு நிலைமையை மாற்றியது. மலபார் கேரளத்துடன் இணைந்தது. பரந்த சென்னை மாகாணத்தில் கரைந்திருந்த மலபார் முஸ்லிம்கள், சிறிய மாநிலம் ஒன்றில் செறிவான வாக்காளர் தொகுதியாயினர். 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கேரள மக்கள்தொகையில் முஸ்லிம்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். எந்தக் கட்சிக்கும் உறுதியான பெரும்பான்மை கிட்டாத மாநிலமாகவும் கேரளம் விளங்கியது. இவ்விரு காரணங்களும் இணைந்தபோது, பத்துப் பதினைந்து இடங்களை உடைய கட்சியின் ஆதரவு ஆட்சியைத் தீர்மானிப்பதாயிற்று.

அப்துர் ரகுமான் பாபக்கி தங்ஙள், கே.எம். சீதி சாகிப், சி.எச். முகம்மது கோயா ஆகியோர் அங்குக் கட்சியை வளர்த்தனர். அகில இந்தியத் தலைமை இஸ்மாயிலிடம் இருந்தது. 1957இல் 8 இடங்களைப் பெற்ற லீக், 1960இல் பேராயக் கட்சியுடனும் பிரஜா சோசலிஸ்டுக் கட்சியுடனும் உடன்பாடு கொண்டு 11 இடங்களில் வென்றது. எனினும், வகுப்புவாதக் கட்சியுடன் அமைச்சரவையைப் பகிர்ந்துகொள்வதில்லை எனப் பேராயக் கட்சி முடிவு செய்தது. லீக்கிற்குக் கிடைத்தது அவைத்தலைவர் பதவி மட்டுமே. சீதி சாகிப் அப்பதவியை ஏற்றார். 1961இல் அவர் மறைந்ததும் சி.எச். முகம்மது கோயா அவைத்தலைவரானார். அதற்காக அவர் கட்சி உறுப்பினர் பொறுப்பிலிருந்து விலக நேர்ந்தது. வாக்குகள் ஏற்கப்பட்டன, வாக்களித்த கட்சிக்கு உரிய மதிப்பு மறுக்கப்பட்டது.

இவ்வனுபவத்திற்குப் பின் உடன்பாடு முறிந்தது. 1962 மக்களவைத் தேர்தலில் லீக் தனித்து நின்று இரு தொகுதிகளைக் கைப்பற்றியது. கோழிக்கோட்டில் சி.எச். முகம்மது கோயாவும் மஞ்சேரியில் இஸ்மாயிலும் வென்றனர். மஞ்சேரி மக்கள் 1967, 1971 தேர்தல்களிலும் அவரையே தேர்ந்தெடுத்தனர். திருநெல்வேலியில் பிறந்து சென்னையில் வாழ்ந்த தமிழர் ஒருவரை மலையாளம் பேசும் தொகுதி மும்முறை தேர்ந்தெடுத்தது என்பது மொழிவழி மாநில அரசியல் வலுத்த காலத்தில் அரிய நிகழ்வு.

1967இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைந்த ஏழு கட்சிக் கூட்டணியில் லீக் இணைந்து 14 இடங்களைப் பெற்றது. சி.எச். முகம்மது கோயாவும் அகமது குரிக்களும் அமைச்சராயினர். விடுதலைக்குப் பின் லீக் ஒரு மாநில ஆட்சியில் பங்கேற்றது அதுவே முதல் முறை. கல்வித் துறை கோயாவிடம் இருந்த காலத்தில், 1968இல், கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1969 ஜூன் 16ஆம் நாள் மலப்புறம் மாவட்டம் உருவாயிற்று. பின்தங்கிய ஒரு நிலப்பகுதிக்கு உயர்கல்வியும் நிருவாகமும் அணுக்கமாயின. தனி வாக்காளர் தொகுதிக் காலத்தின் இருபத்தெட்டு இடங்களால் சென்னை மாகாணத்தில் ஈட்ட முடியாதவற்றைக் கூட்டணிக் காலத்தின் பதினான்கு இடங்கள் கேரளத்தில் ஈட்டின.

தமிழகத்தில் லீக்

தமிழகத்தின் நிலைமை வேறு. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சென்னை மாநில முஸ்லிம்கள் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. மலப்புறம் போன்ற செறிவான நிலப்பகுதி இங்கு இல்லை. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், வாணியம்பாடி, மேலப்பாளையம் என ஊர்கள் சிதறிக் கிடந்தன. கட்சி தன் சொந்த வாக்குகளால் வெல்லக்கூடிய தொகுதி அரிது. ஆனால், இரு பெரிய கட்சிகளுக்கு இடையிலான வாக்கு வேறுபாடு குறைவாக உள்ள தொகுதிகள் பல. அங்குச் சிறு எண்ணிக்கையும் முடிவை மாற்றும்.

இராஜாஜியின் சுதந்திராக் கட்சியும் மார்க்சியப் பொதுவுடைமைக் கட்சியும் இடம்பெற்ற 1967ஆம் ஆண்டுக் கூட்டணியில் அண்ணாவின் அழைப்பை ஏற்று லீக்கும் இணைந்தது. திராவிட முன்னேற்றக் கழகம் 137 இடங்களைப் பெற்றுத் தனித்தே ஆட்சி அமைத்தது. எஸ்.எம். முகம்மது ஷெரீப் 1967இல் இராமநாதபுரத்திலிருந்தும் 1971இல் பெரியகுளத்திலிருந்தும் மக்களவைக்குச் சென்றார். மாநிலங்களவையில் ஆ.கா. அப்துல் சமது 1964 முதல் 1976 வரை உறுப்பினராக விளங்கினார்.

இங்குக் கேரளத்துக்கும் தமிழகத்துக்கும் இடையிலான வேறுபாடு புலனாகும். கேரளத்தில் லீக்கின் ஆதரவு விலகினால் ஆட்சி கவிழும் நிலை இருந்தது. தமிழகத்தில் கழகத்தின் அறுதிப் பெரும்பான்மைக்கு எவருடைய ஆதரவும் தேவைப்படவில்லை. எனவே, இங்கு லீக்கின் செல்வாக்கு தேர்தலுக்கு முந்தைய உடன்பாட்டையும் தலைவர்களுக்கிடையிலான நன்மதிப்பையும் சார்ந்தே நின்றது. அண்ணா, பெரியார், இராஜாஜி ஆகிய வேறுபட்ட கொள்கையினரிடத்திலும் இஸ்மாயில் மதிப்புப் பெற்றிருந்தமை அவ்வகையில் அரசியல் மூலதனமாயிற்று. அதே வேளையில், பெரிய கட்சி ஒன்றின் விருப்பத்தைச் சார்ந்து நிற்கும் வலுவின்மையும் அதனுள் பொதிந்திருந்தது. அவருக்குப் பின் வந்த தலைமுறை எதிர்கொண்ட சிக்கல்களின் வேர் இதுவே.

இறுதிக் காலமும் நினைவும்

1971ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று மக்களவை உறுப்பினராக இருந்த நிலையில், 1972 ஏப்ரல் 5ஆம் நாள் இஸ்மாயில் சென்னையில் மறைந்தார். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கட்சியின் அகில இந்தியத் தலைமை பாபக்கி தங்ஙளிடம் சென்றது. தலைமையிடம் தமிழகத்திலிருந்து கேரளத்துக்கு நகர்ந்தமை, கட்சியின் வலிமை எங்கு நிலைகொண்டிருந்தது என்பதை உணர்த்திற்று.

1974இல் சென்னையில் தொடங்கப்பெற்ற அரசினர் மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. 1991இல் தஞ்சை மாவட்டத்திலிருந்து பிரிந்த நாகை மாவட்டத்திற்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது. 1997இல் மாவட்டங்களின் தலைவர் பெயர்கள் அனைத்தும் நீக்கப்பட்டபோது அதுவும் நீங்கியது. 1996ஆம் ஆண்டு நூற்றாண்டையொட்டி இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

முடிவுரை

இஸ்மாயிலின் அரசியல் வாழ்வு இரு பகுதிகளை உடையது. 1946 முதல் 1949 வரையிலான முற்பகுதியில் சட்டம் உறுதி செய்த இடங்களைக் காப்பதே நோக்கம். அப்போராட்டத்தில் அவர் தோற்றார். 1951க்குப் பிந்தைய பகுதியில், பொது வாக்காளர் தொகுதியில் பிற சமயத்தவரின் வாக்கையும் பெற்றாலன்றி வெல்ல இயலாத நிலையில், உடன்பாட்டுக்குரிய கட்சியாக லீக்கை அவர் மாற்றினார். பேராயக் கட்சி, சோசலிஸ்டுகள், பொதுவுடைமையர், திராவிட இயக்கத்தார் என ஒன்றுக்கொன்று முரணான அணிகளுடன் லீக் இணைந்து செயல்பட முடிந்தமை இம்மாற்றத்தின் விளைவு.

இவ்வழிமுறையின் வரம்புகளும் வெளிப்படையானவை. செறிவான மக்கள்தொகையும் பெரும்பான்மை கிட்டாத அரசியல் சூழலும் ஒருங்கே அமைந்த கேரளத்தில் அது ஆட்சிப் பங்கைத் தந்தது. தமிழகத்தில் மதிப்பையும் சில இடங்களையும் தந்தது. பிரிவினையின் நினைவு கனத்த வட இந்தியாவில் வேரூன்றவில்லை. முஸ்லிம் லீக் என்னும் பெயரை விடாமல் பற்றிய உறுதி, தெற்கில் கட்சியின் தொடர்ச்சியைக் காத்தது. வடக்கில் அதுவே தடையாயிற்று. தேர்தல் முறை, மொழிவழி மாநில எல்லை, மக்கள்தொகைப் பரவல் ஆகிய மூன்றும் ஒரு தலைவரின் திறனை எவ்வளவு வளர்க்கவும் வரையறுக்கவும் வல்லன என்பதற்கு அவருடைய வாழ்வு சான்றாகிறது. தமிழ் உரைக்காக மட்டும் நினைவுகூரப்படும் ஒருவரைக் கூட்டணி அரசியலின் முன்னோடிகளுள் ஒருவராகவும் மதிப்பிடுவது தென்னிந்திய அரசியல் வரலாற்றை நிறைவுறச் செய்யும்.